அரை பாட்டில் தண்ணீர்

ஆயுத பூஜை வருகிறது என்றாலே எனக்குப் பயம். பக்தி இல்லாததால் அல்ல. சந்தாபுரா பக்கம் உலோகப் பாகங்களுக்கு முலாம் பூசும் தொழிற்சாலை ஒன்றில் நான் பாதுகாப்பு அதிகாரி. வருடம் முழுக்கக் கத்திக் கத்தி ஆட்களுக்குக் கண்ணாடியும் கையுறையும் பூட்ஸும் மாட்டிவிடுவேன். அந்த ஒரு நாள் மட்டும் எல்லாரும் புதுச் சட்டையும் வெறுங்காலுமாக, ஆசிட் தொட்டிகளுக்கு நடுவே கல்யாண வீடு போல உலாவுவார்கள். ஏதாவது சொன்னால், "சாமி காரியம் மேடம்" என்று என் வாயை அடைத்துவிடுவார்கள்.

அன்று காலையிலிருந்தே ஹோஸ் பைப்பைப் பிடித்துத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். முலாம் பிரிவின் மூத்த ஆபரேட்டர் கிருஷ்ணகிரிக்காரர், நான் அண்ணா என்று கூப்பிடுகிறவர். மூலையில் இருந்த காஸ்டிக் கேனை நகர்த்தி அதன் அடியிலும் கழுவப் பார்த்தார். காஸ்டிக் சோடாக் கரைசல் பார்வைக்குத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். தோலில் பட்டால் அரிக்கும். கண்ணில் பட்டால் உள்ளே இறங்கிக்கொண்டே போகும். கேனின் மூடியை யாரோ சரியாகத் திருகவில்லை. ஈரத் தரையில் அது வழுக்கிச் சாய, உள்ளே இருந்த கரைசல் குனிந்திருந்தவரின் முகத்தில் அடித்தது.

"ஐயோ, கண்ணு! கண்ணு மேடம்!"

இதற்கென்றே சுவரோரம் கண் கழுவும் குழாய் இருக்கிறது. அவரை இழுத்துக்கொண்டு ஓடிப்போய் மிதியை அழுத்தினேன். ஒரு தடவை கொப்பளித்துவிட்டு நின்றுபோனது. மறுபடி மிதித்தேன். காற்றுதான் வந்தது. மாடித் தொட்டி முழுவதையும் தரை கழுவியே காலி செய்திருந்தார்கள். இந்தக் குழாய்க்குத் தனித் தொட்டி வேண்டும் என்று நான் நடையாய் நடந்ததும், "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று மேனேஜர் சிரித்ததும் நினைவுக்கு வந்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கேன்டீன்ல இருக்கற தண்ணி கேன் அத்தனையும் தூக்கிட்டு வாங்க! ஓடுங்க!"

கேன்டீன் வளாகத்தின் அடுத்த கோடியில் இருந்தது. என்னிடம் இருந்தது நான் குடித்து மீந்த அரை பாட்டில் தண்ணீர். இரண்டு கண்ணுக்கும் பிரித்து ஊற்றினால் இரண்டுக்கும் உதவாது. அண்ணா தரையில் இடப்பக்கமாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டார். நான் அந்தப் பக்கம் மண்டியிட்டு, கைக்கு அருகில் இருந்த இடது கண்ணின் இமைகளை விரல்களால் பிளந்து பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். அவர் திமிறினார்.

"கண்ணத் தொறங்கண்ணா! மூடாதீங்க, சொல்றேன்ல!" திட்டினேன், கெஞ்சினேன், மறுபடி திட்டினேன்.

அதற்குள் சூப்பர்வைசர், கன்னடக்காரர், நல்ல மனுஷன், பூஜைத் தட்டிலிருந்த எலுமிச்சம்பழத்தை வெட்டி எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "மேடம், காஸ்டிக்குக்கு ஆசிட்தானே மாத்து? லெமன் புழிஞ்சிடலாம். பேக, பேக! சீக்கிரம்!"

தரையில் காஸ்டிக் சிந்தினால் அதன் மேல் மெல்லிய ஆசிட் தெளிப்பது வழக்கம். பதற்றத்தில் அவருக்கு அதுதான் தோன்றியிருக்கிறது. கண்ணுக்குள் அதைச் செய்தால் மிச்சமிருப்பதும் வெந்துபோகும். அவர் கையை ஓங்கித் தட்டிவிட்டேன்.

பாட்டில் தீர்ந்தது. கேன் இன்னும் வரவில்லை. அண்ணா வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "இது எரியுது மேடம், இது, இது" என்றார். வெறும் பாட்டிலோடு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி நான் அதற்கு முன் பயந்ததில்லை.

கேன்கள் வந்தன. இரண்டு கண்களிலும் விழும்படி மூக்குத்தண்டின் மேல் கேன் கேனாகக் கவிழ்த்தோம். காரில் போகும்போதும் நிறுத்தாமல் ஊற்றினேன். ஆஸ்பத்திரியில் டாக்டர், காஸ்டிக் பட்டால் நீலமாகும் சோதனைத் தாளைக் கண்ணோரத்தில் ஒற்றிப் பார்த்தார். இடது கண்ணில் நிறம் சீக்கிரமே அடங்கிவிட்டது. வலது கண்ணில் கழுவக் கழுவ நீலமாகவே வந்துகொண்டிருந்தது.

இடது கண் பிழைத்தது. வலது கண்ணுக்கு இப்போது வெளிச்சம் மட்டும் தெரியும், ஆள் தெரியாது. தனித் தொட்டி அடுத்த வாரமே வந்து இறங்கியது. அதைப் பார்த்தபோது எனக்கு உதைக்கலாம் போலிருந்தது.

சில மாதம் கழித்து அண்ணா வேலைக்குத் திரும்பினார். பேக்கிங் பிரிவில் போட்டிருந்தார்கள். ஒருநாள் டீ நேரத்தில் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன் மேடம். ரெண்டு கண்ணுல இந்தக் கண்ண ஏன் மொதல்ல கழுவுனீங்க?"

குரலில் கோபம் இல்லை. மேடம் படித்தவர், ஏதோ தெரிந்துதான் செய்திருப்பார் என்ற நம்பிக்கைதான் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஏதாவது மருத்துவக் காரணம் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"நீங்க அந்தப் பக்கமா சாஞ்சிருந்தீங்கண்ணா."

டீயை ஒரு வாய் குடித்தார்.

"அவ்ளோதானா மேடம்?"

"அவ்ளோதாண்ணா" என்றேன்.