அவளுக்குச் சொன்ன அவியல் பக்குவம்

கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு இரண்டு வருடம் முன்பு நடந்தது இது. நாகர்கோவில் பக்கத்தில் ஒரு வயற்காட்டு ஊரில் இருந்தோம். எனக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். என் கணவர் வாரம் ஒருமுறை மேற்கே திருவட்டாறு போய் நல்லமிளகும் புளியும் வாங்கி வந்து வியாபாரம் செய்வார்.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர், "ஏட்டி, அவியல்ல கொஞ்சம் தயிரு விட்டா என்ன? மேக்க அப்படித்தான் வைப்பாவ" என்றார். எங்கள் வீட்டு அவியலுக்குப் புளிப்பு மாங்காய்தான். கிளப்புக்கடையில் சாப்பிடுவதாகச் சொல்லும் மனிதருக்கு வீட்டு அவியலின் பக்குவம் எப்படித் தெரியும்? எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மறுநாளே தயிர் விட்டேன். எவளோ ஒருத்தியிடம் தோற்கக் கூடாதே!

அடுத்த மாதம் திருவட்டாறு பெருமாள் கோயிலுக்குப் போய்வந்த என் அண்ணன் மனைவி, கோயிலுக்குப் பின்தெரு வீடொன்றில் என் கணவர் தலை துவட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்ததாகச் சொன்னாள். பக்கத்தில் ஒரு பெண்ணாம். அவள் சிவப்பா, என்னைவிட இளையவளா என்று நூறு தடவை கேட்டேன்.

அவர் கோட்டாறு சந்தைக்குப் போன நாளாகப் பார்த்துத் திருவட்டாற்றுக்கு பஸ் ஏறினேன். பள்ளிகொண்ட பெருமாளை மூன்று வாசல் வழியாகப் பார்க்க வேண்டும். மூன்றிலும் நின்றேன், எதுவும் கண்ணில் படவில்லை. அவள் முடியைப் பிடித்துத் தெருவில் இழுத்துப்போடுவது என்றே நேராக அந்த வீட்டுக்குப் போனேன்.

தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மாநிறம், என் வயதுதான். நான் யாரென்று சொன்னதும் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அக்கா, அவியலுக்கு நீங்க என்னதான் போடுவிய? நான் எப்பிடி வச்சாலும் ஒங்க கைப்பக்குவம் வராதுன்னு அவிய தட்ட நீக்கி வச்சிருவாவ" என்றாள்.

ஓங்க வந்த கை அப்படியே நின்றது. இவளுக்கும் என்மேல் பொறாமையா! பாவம் என்று தோன்றியது. ஆனால் வயிற்றெரிச்சல் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"மல்லிய நல்லா வறுத்து அரச்சுப் போடு" என்றேன். அவியலில் யாராவது மல்லி போடுவார்களா? அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

அடுத்த வாரம் மேற்கே போய்த் திரும்பியவருக்கு இலை போட்டேன். பழையபடி மாங்காய் போட்ட என் அவியலை வைத்துவிட்டு, "மேக்க இந்தத் தடவ மல்லி வாடை தூக்கலா இருந்துதோ?" என்று கேட்டேன். பிசைந்த கை அப்படியே நின்றது. அதன்பின் அவர் அந்தப் பக்கம் போகவேயில்லை.

நான் ஜெயித்துவிட்டதாகத்தான் வெகுகாலம் நினைத்திருந்தேன். இப்போதெல்லாம் அவியலுக்குத் தேங்காய் துருவ உட்கார்ந்தால் அவள் தலையாட்டியதுதான் ஞாபகம் வருகிறது: துரோகம் செய்தவருக்கு இலை போட்டுப் பரிமாறிவிட்டு, என்னைப் போலவே அந்த மனிதருக்காக அடுப்படியில் வெந்தவளைத்தானே நான் ஏமாற்றினேன்.