திகில் படக்காரனின் பயம்

யூட்சன் எடுத்த படத்தைப் பார்த்துப் பிரான்சில் ஆட்கள் தியேட்டருக்குள்ளேயே வாய்விட்டுக் கத்தியிருக்கிறார்கள். ஆனால் அவரைப்போல ஒரு பயந்த மனுசனை கனடாவின் ஸ்ரௌவ்வில் நகரம் முழுக்கத் தேடினாலும் பிடிக்க ஏலாது என்பாள் அவருடைய மனைவி அனோஜா. அடுப்பை நிற்பாட்டினேனோ என்று பாதி வழியில் காரைத் திருப்புவார். ஹைவேயில் பக்கத்தில் லொறி வந்தால் மூச்சுவிடவே மறந்துபோவார். மகள் சிவானி ஏறிய ஸ்கூல் பஸ் வளைவில் மறையும்வரை, பனி கொட்டினாலும், ஸ்லிப்பரோடு வாசலில் நிற்பார்.

மன்னாரில் பேசாலை அவருடைய ஊர். ஆனால் கைக்குழந்தையாகவே பாரிசுக்குப் போய்விட்டார். தகப்பனுக்கு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவும் வேலை. நகரத்துக்கு வெளியே ஒரு மாடிக்கட்டடத்தின் உச்சியில் வீடு. பள்ளிக்கூடம் தொடங்கிய புதிதில் ஒருநாள் தாயும் அவரும் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார்கள். தாய் அவசரப் பொத்தானை அமத்தினாள். சுவரிலிருந்த ஓட்டைக்குள்ளால் ஒரு ஆண்குரல் பிரெஞ்சில் என்னவோ கேட்டது. தாய்க்குப் பிரெஞ்சு தெரியாது. "நீ சொல்லு ராசா, நீ சொல்லு" என்று அவள் மகனை உலுக்கினாள். மகனுக்குக் கேள்வி விளங்கியது, பதிலும் தெரிந்தது, வாய்தான் திறக்கவில்லை. குரல் திரும்பத் திரும்பக் கேட்டது. பிறகு கோபப்பட்டது. பிறகு நின்றுபோனது.

அதைத்தான் அவர் சினிமாப் பள்ளியில் படித்தபோது தன்னுடைய முதல் குறும்படமாக எடுத்தார். பேயும் இல்லை, இரத்தமும் இல்லை. ஒரு தாய், ஒரு பிள்ளை, ஒரு குரல், அவ்வளவுதான். பார்த்தவர்களுக்குக் கை வேர்த்தது. அதைப் பார்த்த ஒரு தயாரிப்பாளர் முழுநீளப் படத்துக்குக் கூப்பிட்டார். இடிக்கப்போகிற மாடிக்கட்டடம் ஒன்றில் கடைசியாக மிஞ்சியிருக்கும் ஒரு பெண்ணுக்கு, வெறும் வீடுகளுக்குள்ளிருந்து கதவு தட்டும் சத்தம் கேட்கிறது. அந்தப் படம் நன்றாக ஓடியது. பேப்பர்களில் அவருடைய போட்டோ வந்தது. தகப்பன் வேலை உடுப்போடு தியேட்டருக்கு வந்து, பாதிப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்துவிட்டு, வெளியே வந்து கேட்டார்: "உனக்குள்ள இவ்வளவு பயம் எங்கயடா கிடந்தது?"

இரண்டாவது படத்தில்தான் அது நடந்தது. அல்லது நடக்காமல் போனது. மேலே கம்பியில் கட்டியிருந்த பெரிய லைட் ஒன்று கழன்று, நடித்துக்கொண்டிருந்த சின்னப் பிள்ளையின் தோளை உரசுகிற மாதிரி நிலத்தில் விழுந்து சிதறியது. பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவள் சிரித்துவிட்டாள். எல்லோரும் கடவுளுக்கு நன்றி சொல்லி, கண்ணாடித்துண்டுகளைக் கூட்டி அள்ளிவிட்டு அடுத்த ஷொட்டுக்குத் தயாரானார்கள். யூட்சனால் முடியவில்லை. லைட் விழுந்த சத்தம் அவருடைய காதுக்குள் குடியேறிவிட்டது. பல் தீட்டும்போது கேட்டது. பூசையில் மணி அடிக்கும்போது கேட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு லைட்டுக்கும் கீழே தானே போய் நின்று பார்க்காமல் அவர் கமராவை ஓடவிடுவதில்லை. வயர்களைத் தானே குனிந்து தடவினார். படப்பிடிப்பு இழுபட்டது. "கெட்டிக்காரன், ஆனால் ஆளோட வேலை செய்யேலாது" என்ற பெயர் பரவியது. மூன்றாவது படம் அரைவாசியில் நின்றது. பிறகு ரெலிபோன் அடிக்கவில்லை.

அந்த நாட்களில்தான் சொந்தக்காரரின் கலியாணத்துக்கு அனோஜா ரொறன்ரோவிலிருந்து பாரிசுக்குப் போயிருந்தாள். மண்டபத்தில் எல்லோரும் லிஃப்டுக்குள் ஏற, ஒரு மனுசன் மட்டும் படியால் ஏறுவதைக் கண்டாள். "ஏன் உவர் படியால போறார்?" என்று கேட்டாள். காரணம் தெரிந்ததும் சிரித்துவிட்டு, குதி உயர்ந்த செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவரோடு படியேறினாள்.

கலியாணம் முடித்து யூட்சன் கனடாவுக்கு வந்தார். இன்சூரன்ஸ் கொம்பனி ஒன்றின் பிரெஞ்சு லைனில் வேலை கிடைத்தது. கூரை பறந்தவர்களும் பேஸ்மெண்டுக்குள் வெள்ளம் வந்தவர்களும் கியூபெக்கிலிருந்து அழுதுகொண்டு போன் எடுப்பார்கள். அவர் பொறுமையாகக் கேட்பார். பயந்தவர்களோடு அவருக்குக் கதைக்கத் தெரியும்.

போன வருசத்துக்கு முதல் வருசம் மாக்கஸ் தேடிவந்தான். ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பொடியன், இப்போது படத் தயாரிப்பாளன். மாணவனாக இருந்தபோது யூட்சனின் முதல் படத்தைப் பார்த்தவன்.

"அண்ணை, உங்கட ஸ்டைல்ல ஒரு பிரெஞ்சுப் படம். இஞ்சயே எடுக்கலாம். நீங்கள்தான் செய்யவேணும்."

யூட்சன் அனோஜாவின் முகத்தைப் பார்த்தார்.

"பயம் வரும்தான்," என்றாள் அவள். "பயத்தோட செய்யுங்கோ."

புதிதாய் நாட்டுக்கு வந்த பெண் ஒருத்தி, யாரோ கூப்பிடும் குரலைப் பின்தொடர்ந்து, உறைந்த குளத்தின் மேல் மூடுபனிக்குள் நடந்துபோகிறாள். அதுதான் படத்தின் உயிரான காட்சி. நடித்தவள் பவ்யா. கோயம்புத்தூரிலிருந்து வந்து ஐ.ரி. வேலை செய்தபடி நாடகங்களில் நடிப்பவள், துணிச்சல்காரி. வீட்டுக்குள் எடுக்கவேண்டியதெல்லாம் ஒழுங்காக முடிந்தது. மாசி மாதத்தில் குளத்துக்குப் போனார்கள். ஸ்ரௌவ்வில்லுக்கு வடக்கே, தோட்டங்களுக்கு நடுவில் கிடந்தது அந்தக் குளம். ஐஸைச் சோதிக்கிற ஆள் பல இடங்களில் துளைபோட்டுப் பார்த்துவிட்டு, ட்ரக்கே ஓடலாம் என்றான்.

காலையில் மூடுபனி நினைத்தபடியே இறங்கியிருந்தது. பவ்யா வெறும் சல்வாரும் சால்வையுமாகக் கரையில் நின்றாள். யூட்சன் அவளுக்கு முதல் தானே ஐஸில் காலை வைத்தார். அப்போது அடியிலிருந்து ஒரு சத்தம் எழும்பியது. இரும்புக் கம்பியை யாரோ நீளத்துக்கு இழுத்து அறுத்த மாதிரி, குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஓடியது.

"அது நோர்மல்," என்றான் சோதித்தவன். "தடிச்ச ஐஸ் அப்படித்தான் பாடும்."

யூட்சன் பின்வாங்கிக் கரையேறினார். "கட்," என்றார். கமரா ஓடத் தொடங்கவேயில்லை.

"அண்ணை, என்ன இது?" மாக்கஸ் ஓடிவந்தான். "உந்த மூடுபனி திரும்ப வராது. ஐஸ் ஸொலிட். எக்ஸ்பேர்ட் சொல்லுறான்."

"பக்கத்துத் தோட்டத்தில பனிக்கு மேல எடுப்பம். குளம் எண்டு நம்ப வைக்கிறது என்ர வேலை."

"பாக்கிற ஆக்களுக்குத் தெரியும் அண்ணை."

பவ்யா கிட்ட வந்தாள். "சார், நடக்கப்போறது நான்தானே? எனக்கே பயமில்ல."

"எனக்குப் பயமா இருக்கு, பிள்ளை. நான் 'அக்ஷன்' எண்டு சொன்னாத்தானே நீர் நடப்பீர். எனக்கு அந்தச் சொல்லு வாயால வராது."

அவர் மூடுபனிக்குள் நடந்து காருக்குப் போய்விட்டார். பின்னேரம் மாக்கஸ் போன் எடுத்தான். கோபமாகப் பேசவில்லை. மரியாதையாகத்தான் சொன்னான், அதுதான் கூட வலித்தது. மிச்சப் படத்தை உதவி இயக்குநர் சுலக்சன் முடிப்பான்.

இரண்டாம் முறை குளத்துக்குப் போகிற நாளைச் சுலக்சன் வாயிலிருந்தே யூட்சன் அறிந்தார். வேலைக்கு லீவு போட்டார். கராஜில் கிடந்த நீளமான கயிற்றையும் வீட்டிலிருந்த கம்பளிகள் எல்லாவற்றையும் காரின் பின்னுக்குப் போட்டார்.

"உங்களைக் கண்டால் அவையள் என்ன நினைப்பினம்?" என்றாள் அனோஜா.

"என்னத்தையெண்டாலும் நினைக்கட்டும்."

வேலிக்கு வெளியே ரோட்டோரத்தில் காரை விட்டுவிட்டு, கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு நின்றார். சட்டைப்பைக்குள் செபமாலை. பவ்யா ஐஸில் இறங்கினாள். குளம் முன்னைவிட மோசமாகக் கத்தியது. "மடுத்தாயே, மடுத்தாயே" என்பதைத் தவிர யூட்சனுக்கு வேறு செபம் வரவில்லை. நடுக்குளத்தில் அவள் நின்றாள். ஒரு காலைத் தூக்கியவள் அதை வைக்காமல் அப்படியே நின்றாள். அவர் வேலிக்கு மேலால் காலைப் போட்டார். கம்பியில் கிழிந்த காற்சட்டையைக் கவனிக்கவில்லை. அவள் காலை வைத்தாள். நடந்தாள். மூடுபனி அவளை விழுங்கியது. மற்றக் கரையிலிருந்து கைதட்டல் கேட்டது.

ஒன்றும் நடக்கவில்லை. ஐஸ் தாங்கியது. யூட்சன் வேலியைப் பிடித்தபடி குனிந்து சத்தியெடுத்தார்.

அவரைக் கண்டு பவ்யா பெரிய ஜாக்கெட்டுக்குள் புதைந்தபடி ஓடிவந்தாள். தோளில் கிடந்த கயிற்றைப் பார்த்தாள்.

"என்ன சார் இது?"

"சும்மா. காருக்குள்ள கிடந்தது."

அவள் சிரிக்கவில்லை. "நடுவுல வந்தப்ப, எனக்குப் பயமா இருக்குன்னு நீங்க சொன்னது ஞாபகம் வந்துடுச்சு. கால் நகரல சார். நிஜமாவே நகரல. அதைத்தான் பிரமாதம்னு ஓகே பண்ணிட்டாங்க."

"என்னை மன்னிச்சுக்கொள்ளும் பிள்ளை," என்றார் யூட்சன். அவருக்கு அது பாராட்டாகப் படவில்லை. தன்னுடைய பயத்தை ஒரு பிள்ளையின் காலில் கட்டி ஐஸில் இறக்கிவிட்டேனே என்று இன்னும் பயந்தார்.

படம் இந்த இலையுதிர் காலத்தில் வந்தது. இயக்கம் என்ற இடத்தில் சுலக்சனின் பெயர். யூட்சன் தன் பெயரைப் போடவேண்டாமென்று தானே சொல்லியிருந்தார். மாக்கஸ் அனுப்பிய ரிக்கெற்றில் அவரும் அனோஜாவும் போனார்கள். முதல் பாதி முழுக்க அவர் எடுத்ததுதான். பக்கத்துச் சீற்றில் ஒரு கிழவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு இருந்தார். யூட்சனுக்குக் கொஞ்சம் சந்தோசமாயிருந்தது.

திரையில் மூடுபனி இறங்கத் தொடங்கியதும் அவர் எழும்பிவிட்டார். அனோஜா கையைப் பிடிக்கமுதல் வெளியே போய்விட்டார். லொபியில் பொப்கோன் மெஷினுக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்தபடி நின்றார். கதவுக்கு அந்தப்பக்கத்தில் குளம் கத்துவது கேட்டது. பவ்யா உயிரோடு இருக்கிறாள், மூன்றாவது வரிசையில் பட்டுச்சீலையோடு இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கழுத்து வேர்த்தது.

சிறிது நேரத்தில் அனோஜா கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

"இஞ்சருங்கோ, அவள் கரைக்கு வந்திட்டாள். உள்ளுக்கு வாங்கோ."

"வடிவாப் பாத்தனீரோ?"

"ஓமப்பா. ரெண்டு காலும் நிலத்திலதான்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் உள்ளே போனார்.