காலை எடுத்தும் அடங்காத வண்டி

பட்டுக்கோட்டைப் பக்கம் புயலில் தென்னை எல்லாம் வேரோடு சாய்ந்ததே, அதற்கப்புறம் என் சம்பந்தி நட்ட கன்றுகள் முதல் பாளை விட்ட வருஷம் அது. குறுவை அறுப்பு முடிந்திருந்தது. நானும் என் அக்காவும் அந்தப் பாளையைப் பார்த்துவிட்டு என் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். பாளை பார்க்க ஒரு பயணமா என்று கேட்பீர்கள். விழுந்த தோப்பைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தது. நியூட்ரலில் போட்டு, கைப் பிரேக்கை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எஞ்சின் சத்தம் இறங்கவே இல்லை. யாரோ ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டிருப்பதுபோல் கத்தியது. எஞ்சின் சுற்றைக் காட்டும் மீட்டரில் ஒன்றுக்குக் கீழே நிற்க வேண்டிய முள் இரண்டில் நின்றது.

"ஏண்டா தம்பி, வண்டி நிக்கிறப்ப எதுக்கு இப்படி உறுமுது? காலை எடேன்" என்றாள் அக்கா.

"எடுத்துட்டேன் அக்கா. ரெண்டு காலும் சும்மாதான் இருக்கு."

"அப்ப யாரு அமுக்குறா? நானா?"

கேட் தாண்டிய பிறகு இன்னும் மோசம். எங்கள் ஊர் ரோட்டில் பாதித் தாருக்கு நெல் காயப்போட்டிருப்பார்கள். மீதிப் பாதியில் மெதுவாகத்தான் போக வேண்டும். காலை எடுத்தாலும் வண்டி தானாக இழுத்தது. பிரேக்கிலேயே கால் வைத்து வந்து சேர்ந்தேன்.

அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதில்லை. வாரத்தில் இரண்டு நாள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். மறுநாள் காலை அவளுக்கு முறை.

"நாளைக்கு இதுல வரமாட்டேன். பஸ்ஸுல போயிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

முன்பு அவள் பஸ்ஸில் போனது எனக்கு நினைவிருக்கிறது. ஒருமுறை அப்படிப் போய்விட்டுத் திரும்புகையில், பஸ் ஸ்டாண்டில் படியேறும்போது கண் இருட்டி விழுந்துவிட்டாள். யாரோ சோடா வாங்கிக் கொடுத்து உட்காரவைத்திருந்தார்கள். அதிலிருந்து அவளை நான் பஸ்ஸில் விட்டதில்லை. ஆகவே அன்று பொழுது சாய்வதற்குள் வண்டியை அடக்கியாக வேண்டும்.

மெக்கானிக்குக்குப் போன் போட்டு, வண்டி கத்துவதைச் சொன்னேன். மேளச் சத்தத்துக்கு நடுவே பேசினார்.

"அண்ணே, வேதாரண்யத்துல மச்சினி கல்யாணம். நாளன்னைக்குத்தான் வருவேன்."

"நாளைக்கு அக்காவுக்கு ஆஸ்பத்திரிங்க."

"அப்படின்னா நீங்களே பாருங்க. ஆனா அந்தக் காலத்து வண்டி மாதிரி சத்தத்தக் குறைக்கிற ஸ்குரூவத் தேடித் திருகிடாதீங்க. சத்தம் அமுங்கும், சீக்கு உள்ளயே இருக்கும். முதல்ல ஆக்ஸிலேட்டர் கேபிள் இறுகியிருக்கான்னு பாருங்க. இல்லேன்னா எங்கயோ காத்து உள்ள பூருது."

அது எனக்குப் புரிந்தது. எஞ்சின் மூச்சு விடுகிற வழியில் ஒரு கதவு இருக்கிறது. காலை எடுத்தால் அது மூடிக்கொள்ளும். கதவுக்கு அந்தப்பக்கம் ஒரு குழாயில் ஓட்டை விழுந்தால், மூடியும் காற்று போகும். மதகை அடைத்த பிறகும் நண்டு வளை வழியாக வயலில் தண்ணீர் ஏறும், பார்த்திருப்பீர்கள். காற்று கூடுகிறதே என்று வண்டி பெட்ரோலையும் கூட்டி ஊற்றும். பிறகு கத்தாமல் என்ன செய்யும்? ஆற்றில் தண்ணீர் வராத வருஷங்களில் ஆயில் எஞ்சின் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தவன் நான். காற்றுப் பிடித்த எஞ்சினின் குரல் எனக்குத் தெரியும். அங்கே காற்றுப் போவது டீசல் குழாயில், எஞ்சின் இருமும். இது வேறு மாதிரி, இருமாமல் கத்துகிறது.

கேபிளைத் தொட்டுப் பார்த்தேன். தளர்வாகத்தான் இருந்தது. அப்படியானால் குழாய்தான். மிளகாய்ச் செடிக்கு மருந்தடிக்கிற கைத்தெளிப்பானை நன்றாகக் கழுவி, நல்ல தண்ணீர் பிடித்துக்கொண்டேன். அக்காவைக் கூப்பிட்டு ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்தேன்.

"எனக்கு என்னடா ஓட்டத் தெரியும்?"

"நீ ஓட்ட வேணாம். அந்த முள்ள மட்டும் பாத்துச் சொல்லு."

எஞ்சினை ஓடவிட்டு, வயர்களில் படாமல் ஒவ்வொரு குழாயாகத் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்தேன். ஓட்டையைத் தண்ணீர் ஒரு கணம் அடைத்தால் சத்தம் மாற வேண்டும்.

"முள்ளு அங்கயேதான் படுத்திருக்கு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஒன்ன மாதிரியே சோம்பேறி முள்ளு."

எஞ்சினுக்குப் பின்பக்கம் விரல் தடிமனில் ஒரு ரப்பர் குழாய் போகிறது. அதன் நுனியில் தண்ணீர் பட்டதும் சத்தம் திக்கியது. அந்த நுனியை விரலால் பொத்திப் பிடித்தேன்.

"எறங்குது. எறங்குதுடா தம்பி."

எஞ்சினை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தேன். குழாய் நுனியை எலி கடித்திருந்தது. பல் பதிந்த அடையாளம் தெளிவாகத் தெரிந்தது. பேட்டரிக்குக் கீழே ஒரு கை அளவு நெல்லும் உமியும்.

"அக்கா, ஒன் நெல்லு இங்கயும் கொஞ்சம் இருக்கு."

விஷயம் இதுதான். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் கூடுதல் என்று அக்காவின் நெல்லை எடுக்கவில்லை. வாசலிலேயே குவித்துப் படுதா போட்டிருந்தாள். காற்றும் மழையுமாக இருந்தது. செங்கல் வைத்தால் நிற்காது என்று, படுதா முனையில் சக்கரத்தை ஏற்றி என் காரை நிறுத்தச் சொன்னாள். எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். சில ராத்திரி அங்கேயே நின்றது. அறுத்த வயலை விட்டு வந்த எலிகளுக்குக் கீழே சாப்பாடு, மேலே சூடான எஞ்சின்.

எலி கடித்ததைச் சொன்னேன். அக்கா இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள்.

"அதுக்காக நெல்லு நனையட்டும்னு விட்டுருக்கணுமா? ஒன் வண்டி எனக்குச் செஞ்ச ஒரே உருப்படியான காரியம் அதுதான்."

குழாயில் கொஞ்சம் நீளம் மிச்சம் இருந்தது. கடிபட்ட நுனியைப் பிளேடால் அறுத்துவிட்டு, நல்ல பாகத்தை இழுத்துச் செருகி கிளிப்பை மாட்டினேன். நெல்லை வழித்து எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன். ஒரு எழும்பு எழும்பிவிட்டு முள் ஒன்றுக்குக் கீழே வந்து உட்கார்ந்தது. புதுக் குழாய் மெக்கானிக் வந்த பிறகு மாட்டினார்.

மறுநாள் காலை அக்கா முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். சிகிச்சை முடிந்து திரும்பும்போது தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். வீட்டு வாசலில் நிறுத்தியும் விழிக்கவில்லை. எஞ்சினை அணைத்தால் எழுந்துவிடுவாளோ என்று அப்படியே ஓடவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இந்தப் பருவத்திலும் நெல் குவியலுக்குக் காவலாகக் கார்கள் நிற்கின்றன. உங்கள் ஊரில் அப்படி நிறுத்துகிறவர் யாராவது இருந்தால், காலையில் சாவியைப் போடுவதற்கு முன்னால் பானெட்டைத் திறந்து ஒருமுறை பார்க்கச் சொல்லிவிடுங்கள்.