குடிக்காத ஜெயவேலுக்குக் குடி வைத்தியம்

காசிமேட்டில் சரக்கைத் தொடாத கடல்காரன் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு, என் தம்பி ஜெயவேல். கரை இறங்கியதும் கூட்டாளிகள் பாட்டிலைத் திறந்தால், வறுத்த மீனில் இரண்டு துண்டை வாயில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவான். கேலி செய்வார்கள். சிரித்துக்கொண்டே போவான்.

ஐம்பத்தெட்டு வயதில் தடுமாற ஆரம்பித்தான். கடலுக்குக் கிளம்பி எதிர்த்திசையில் நடந்தான். சாப்பிட்ட கை காய்வதற்குள் மறுபடி சோறு கேட்டான். கால் பின்னியது, பேச்சு குழறியது. அவன் பெண்டாட்டி மங்கை பதறிப்போய்த் திருவொற்றியூரில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். மீன்பிடி போட்டுக்குப் போகிறவர் என்று சொன்னதுதான் தாமதம், எத்தனை வருஷமாகக் குடிக்கிறார் என்று கேட்டாராம் டாக்டர். குடிக்கவே மாட்டார் என்று இவள் சத்தியம் செய்ய, எல்லாப் பெண்டாட்டிகளும் இதைத்தான் சொல்கிறார்கள் என்று நர்ஸம்மா சிரித்தாராம். அடுத்துப் போன ஆஸ்பத்திரியிலும் இதே கதை.

நினைத்தால் வயிறு எரிகிறது. படித்தவர்கள் இத்தனை பேர் சொன்னதும் மங்கைக்கே சந்தேகம் வந்துவிட்டது. சாயங்காலமானால் அவன் வாயை மோந்து பார்ப்பாள். ஒரு வாடையும் இருக்காது. அப்படியும் அவனைக் குடிநோயாளிகள் இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

ஒரு மாதம் கழித்து, அங்கே புதிதாக வந்த டாக்டர் சங்கமித்ரா எங்களைக் கூப்பிட்டனுப்பினார். இது குடியே இல்லை, மூளையைப் பாதிக்கிற மறதி நோய், டிமென்ஷியா என்றார். அதை அடையாளம் காண டாக்டர்களிலும் நர்ஸ்களிலும் நிறையப் பேருக்கு யாரும் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்றும் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அட பாவிகளா, நாங்கள்தான் படிக்காதவர்கள். வைத்தியம் பார்க்கிறவர்களுக்குமா தெரியாது?

அந்த இல்லத்தில் தினமும் காலையில் எல்லோரும் கைகூப்பி நின்று தங்கள் குடியை ஒப்புக்கொள்ள வேண்டுமாம். தம்பி மாட்டேன் என்றிருக்கிறான். அடம் பிடிக்கிறான் என்று கட்டிலோடு கட்டிப்போட்டிருக்கிறார்கள்.

அவனை அழைத்து வந்தார்கள். பாதி ஆளாகியிருந்தான். மணிக்கட்டில் கயிற்றுத் தடம். மங்கை ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாய்யா, என்னிய தெரியுதா? நான்தான்யா, மங்கை."

அவளை ஏற இறங்கப் பார்த்தான். யாரோ அதிகாரி என்று நினைத்தானோ என்னவோ, கையை உதறி விடுவித்துக்கொண்டு கும்பிட்டான்.

"நான் குடிகாரன். இனிமே குடிக்க மாட்டேன். வூட்டுக்கு வுட்டுடுங்கம்மா."