படகு மறைக்கும் பால்கனி

பயண ஏஜென்சியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டபோது அம்மாவின் ஃபோன் என் கையில்தான் இருந்தது. அதிலிருந்த எண்களை என் ஃபோனுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். இணைப்பைத் துண்டிப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை.

"மேடம், கப்பல் புக்கிங் விஷயமா பேசுறேன். நீங்க கேட்ட பால்கனி ரூமை நிறுத்தி வெச்சிருக்கோம். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க. இல்லன்னா பழைய உள் ரூமே உறுதியாகிடும்."

"நான் அவங்க பொண்ணு. அம்மா போன மாசம் இறந்துட்டாங்க."

கீபோர்டு சத்தம் நின்றது. "ஐயோ, சாரிங்க. என் பையனுக்குக் காய்ச்சல்னு ஒரு தடவை சொன்னேன். மறுநாள் அதுக்காகவே ஃபோன் பண்ணி எப்படி இருக்கான்னு கேட்டாங்க."

அம்மா செய்யக்கூடியதுதான். அந்தப் பெண் மூக்கை உறிஞ்சினாள். நான் காத்திருந்தேன். பிறகு இனி என்னென்ன செய்யலாம் என்று கேட்டேன். பயணத்தை ரத்து செய்யலாம். அல்லது அம்மா பெயரை எடுத்துவிட்டு வேறொருவர் பெயரைப் போட்டு, அப்பாவோடு அனுப்பலாம். அனுப்பினால், ஜன்னல் இல்லாத உள் அறையா பால்கனி அறையா என்று சொல்ல வேண்டும்.

அப்பா ஹாலில் சோபாவில் படுத்திருந்தார். அம்மா போனதிலிருந்து படுக்கையறைக்குள் அவர் போகவில்லை. திரைச்சீலையை இழுத்து மூடி, சுவர் பக்கம் முகத்தை வைத்துப் படுத்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். சாப்பிட்டதும் திரும்பப் போய்ப் படுத்துக்கொள்வார். எனக்கு விடுப்பு முடிய அதிக நாள் இல்லை. நான் வேலை பார்க்கும் ஊருக்கு வர மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இந்தச் சோபாவை விட்டு அவர் எழுந்து போகக் காரணம் என்று ஒன்று இருந்தால் அது அந்தக் கப்பல் டிக்கெட் மட்டும்தான்.

"ரத்து பண்ணிடு" என்றார், சுவரைப் பார்த்தபடி.

"சரிப்பா" என்றேன். பண்ணவில்லை.

அம்மா ஒரு பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில் வேலை பார்த்தாள். அறுவை சிகிச்சைக் கருவிகளைச் சுத்தப்படுத்தும் பிரிவு. இரண்டு அறைகள், நடுவில் ஒரு சுவர். சுவரில் பதித்த கழுவும் இயந்திரம். அழுக்குப் பக்கம் ஒரு கதவு, சுத்தப் பக்கம் ஒரு கதவு. ஒன்று மூடினால்தான் மற்றது திறக்கும். அந்தப் பக்கத்துக் காற்றுகூட இந்தப் பக்கம் வரக் கூடாது. அம்மா சுத்தப் பக்கம். கழுவி வரும் கத்தரிகளையும் இடுக்கிகளையும் லென்ஸ் வைத்த விளக்கின் கீழ் ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். கீல் இறுகியிருந்தால் ஒதுக்குவாள். மற்றவற்றைத் துணியில் மடித்துக் கட்டி, கொதிநீராவிக்கு அனுப்புவாள். தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க், மேலே கவுன். அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே மழை பெய்ததா என்பது வேலை முடிந்து படியேறி வரும்போதுதான் தெரியும். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும் வரை அதே அறை.

அழுக்குப் பக்கத்தில் வேலை பார்ப்பவர் எங்கள் கீழ்மாடியில் குடியிருக்கிறார். நான் அவரை அத்தை என்பேன். அம்மாவை அவர் அக்கா என்பார், அப்பாவை அண்ணே என்பார். முறை ஒத்து வராது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. உடை மாற்றாமல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக முடியாது என்பதால், சுவரிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாக இருவரும் சைகையிலேயே பேசிக்கொள்வார்கள். கன்னத்தில் கை வைத்தால் மேலதிகாரி தூங்குகிறார். மூக்கைப் பிடித்தால் மேலதிகாரி வருகிறார். வருடக்கணக்கில் இப்படிப் பேசியதில் வீட்டிலும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. உறவினர்கள் எதிரிலேயே இருவரும் கையால் பேசிச் சிரிப்பார்கள். அப்பா கடுப்பாவார். "வாயைத் திறந்து திட்டுங்க. திட்டுறது என்னைத்தான்னு எனக்குத் தெரியும்."

அவர்கள் பிரிவில் வேலை பார்த்த யாருக்கும் இரண்டு கதவுகள் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் பொறுக்காது. அம்மா சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் வாசலுக்குப் போய் காலிங் பெல் அடிப்பது யாரென்று பார்ப்பாள். அவள் இறந்த அன்று பிரிவு மொத்தமும் வந்தது. கடைசியாக வந்தவர் பழக்கதோஷத்தில் வாசல் கதவைச் சாத்தி, கைப்பிடியை இழுத்துச் சரியாக மூடிவிட்டதா என்றும் பார்த்துவிட்டார். உள்ளே அவர்களும் நாங்களும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். வெளியே படிக்கட்டு நிறைய சொந்தக்காரர்கள். துக்க வீட்டில் பெல் அடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றிருக்கிறார்கள். என் தாய்மாமா ஃபோன் பண்ணி, "கதவைத் திறக்கறீங்களா, இல்ல இப்படியே போயிடவா?" என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. அத்தை அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டார். நான் போய்க் கதவைத் திறந்தேன்.

கப்பல் அம்மாவின் ஆசை. ஓய்வு பெற்ற மறுவாரமே பேச ஆரம்பித்தாள். அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். போவதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. பால்கனிதான் பிரச்சினை.

"வாழ்க்கை பூரா கண்ணாடி வழியா வெளிய பார்த்துட்டேன். இனிமே எனக்குப் பார்க்கறதுக்கு ஒண்ணும் இல்ல. இருட்டா, குளுகுளுன்னு ஒரு ரூம். படுத்தா தூக்கம். அது போதும்" என்றார் அப்பா.

"நான் வாழ்க்கை பூரா சுவரைப் பார்த்திருக்கேன்."

"மேல் தளத்துல நாற்காலி சும்மாதானே கிடக்கும்? அங்க போய் உட்கார்ந்தா கடல் வேண்டாங்குதா?"

"அங்க போகணும்னா உடுத்தணும். தலை வாரணும். எவனாவது குட் மார்னிங் சொல்லுவான். நான் திரும்பச் சொல்லணும். நைட்டியோட, தலையை விரிச்சுப் போட்டு, டீயைக் கையில வெச்சுக்கிட்டு வெளிய நிக்கணும் எனக்கு. அதுக்குத்தான்."

காலியாக இருந்த ஒரே பால்கனி அறைக்கு ஒரு குறை இருந்தது. உயிர்காப்புப் படகு ஒன்று அதற்கு நேர் எதிரே தொங்கும். அதனால்தான் விலையும் குறைவு. குறைவு என்றாலும் உள் அறையைவிடக் கணிசமாக அதிகம். "காசு குடுத்துப் படகோட அடிவயித்தைப் பார்க்கணுமா?" என்றார் அப்பா. "படகு கடலைத்தானே மறைக்கும்? காத்தையுமா மறைக்கும்?" என்றாள் அம்மா.

தீர்ப்பு சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். நான் பம்பு தயாரிக்கும் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். கப்பலின் வரைபடத்தை இறக்கிப் பார்த்தேன். உள் அறை நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில். ஆட்டம் குறைவு. பால்கனி அறை பின்பக்கம். ஆட்டமும் இயந்திர அதிர்வும் அங்கே அதிகம் இருக்கும். தூக்கம், சத்தம், காற்று, வெளிச்சம், விலை என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை முக்கியத்துவம் என்று அம்மாவையே எண் போடச் சொன்னேன். உள் அறை ஜெயித்தது. அம்மா அட்டவணையை உற்றுப் பார்த்தாள்.

"காத்துக்கு எத்தனை போட்டேன்?"

"அஞ்சு."

"இருபது போடு."

"பத்துக்குள்ளதான்மா போடணும்."

"யார் சொன்னா? சரி, அப்போ விலைக்கு ஒண்ணு போடு. தூக்கத்துக்கு அரை."

"இப்படி மாத்தினா இது சோதனையே இல்ல."

"எனக்கு வேணும்ங்கறது வர்ற வரைக்கும் மாத்து. வந்ததும் நிறுத்திடு. இதுக்குப் போய் நாலு வருஷம் படிச்சியா?"

பால்கனி ஜெயித்தது. அப்பா அட்டவணையை ஏற்கவில்லை. அம்மா ஏஜென்சிப் பெண்ணிடம் அந்த அறையை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு, அப்பாவைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டிருந்தாள். அதற்கு நடுவில்தான் ஒரு மதியம் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது தலை வலிக்கிறது என்றாளாம். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. நான் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

இப்போது அட்டவணையைத் திரும்பத் திறந்தேன். பயணிகள்: அப்பா, நான். அப்பா அறையை விட்டு வெளியே வர மாட்டார். எனக்கு எது வேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன். எதுவும் தோன்றவில்லை. காற்றுக்குப் பூஜ்யம் போட்டேன். வெளிச்சத்துக்கும் பூஜ்யம். உள் அறை பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தது. சரியான முடிவு என்றுதான் நினைத்தேன். இருந்தும் ஏஜென்சிக்கு ஃபோன் பண்ணவில்லை. ஜன்னலும் இல்லாத அறையில் அப்பா சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருப்பதைத்தான் நான் கப்பல் வரை எடுத்துக்கொண்டு போகப் போகிறேன். அதற்கு ரத்து செய்வதே மேல்.

வியாழக்கிழமை மதியம் அத்தை வேலை முடிந்து நேராக மேலே வந்தார். வந்ததும் வாசல் கதவைச் சாத்தினார்.

"கர்ட்டனை விலக்கட்டுமா அண்ணே?"

"வேண்டாம். கண்ணு கூசுது."

"எதிர் வெயில்ல பஸ் ஓட்டின மனுஷனுக்குக் கண்ணு கூசுதாம். கப்பலுக்கு என்ன முடிவாச்சு?"

"போகல" என்றார் அப்பா.

"உங்களை யார் கேட்டா? இவளைக் கேட்டேன்."

ஆட்டம், அதிர்வு, படகு என்று எல்லாவற்றையும் சொன்னேன். "கணக்குப்படி உள் ரூம்தான் சரி அத்தை. யாரும் உட்காராத பால்கனி எதுக்கு?"

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "காலையில நீ எங்க உட்கார்ற?"

நான் சோபா பக்கம் பார்த்தேன்.

"நான் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் கீழே படிக்கட்டுல உட்கார்ந்திருக்க. நேத்து உன்னைத் தாண்டித்தான் போனேன். என் கால் பட்டு உன் டீ கொட்டுச்சு. நீ நிமிர்ந்துகூடப் பார்க்கல. நானும் நின்னு நின்னு பார்த்துட்டுப் போயிட்டேன்."

டீ கொட்டியது நினைவில் இருந்தது. நானே தட்டிவிட்டேன் என்று நினைத்திருந்தேன்.

சோபாவில் அசைவு. "படிக்கட்டுலயா?" என்றார் அப்பா.

"ஹால்ல நீங்க தூங்குறீங்க. லைட் போட்டா முழிச்சுக்குவீங்க. பெட்ரூம்ல... அங்க விடியறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துடுது."

"நான் எங்க தூங்குறேன்?"

"குறட்டை விடுறீங்கப்பா."

"அது வேற."

அத்தை எழுந்து சமையலறைக்குப் போனார். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. டீ போடுவதற்கு அவ்வளவு பாத்திரம் தேவையில்லை. அப்பா மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். தலைமுடி ஒரு பக்கம் படிந்திருந்தது. கண்ணாடியைத் தேடினார். சோபா இடுக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

"அந்தப் படகு எவ்வளவு பெரிசு?"

"பஸ்ஸுக்குக் கொஞ்சம் கூட இருக்கும்."

"எத்தனை பேர் ஏறலாம்?"

"நூத்தி அம்பது போட்டிருக்கு."

"நிக்கறவங்களைச் சேர்த்தா?"

"படகுல யாரும் நிக்க மாட்டாங்கப்பா. எல்லாரும் உட்கார்ந்துதான்."

"நூத்தி அம்பது பேர் உட்கார்ந்து." அதைக் கொஞ்ச நேரம் யோசித்தார். அவருடைய பஸ்ஸில் உட்காருபவர்கள் அதில் மூன்றில் ஒரு பங்குதான். "அதைத் தூக்கித் தொங்கவிட்டிருக்கானா?"

"ஆமா."

அத்தை டீயைக் கொண்டு வந்து வைத்தார். அப்பா தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குடிக்கவில்லை.

"பால்கனியே எடு" என்றார்.

"உங்களுக்கு வேண்டாம்னு..."

"எனக்கு வேண்டாம்தான். நான் உள்ள கிடப்பேன். நீ வெளிய உட்காரு."

"எனக்கு எதுக்குப்பா?"

"நீ இன்னும் அழல."

"வேலை இருந்துது."

"கப்பல்ல வேலை இல்ல."

அத்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஏதாவது வரும் என்று நானும் எதிர்பார்த்தேன். வரவில்லை. டீயில் சர்க்கரை போடவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

"அப்போ வர்றீங்களா?"

"உன்னைத் தனியா எப்படி அனுப்புறது?" என்றார் அப்பா. எனக்கு முப்பத்தாறு வயது. தனியாகத்தான் இருக்கிறேன், பல வருடமாக.

அங்கேயே நின்று ஏஜென்சிக்கு ஃபோன் பண்ணினேன். அதே பெண். பால்கனி என்றதும் வேகமாகத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். பார்வையின் ஒரு பகுதியைப் படகு மறைக்கும், பிறகு புகார் செய்யக் கூடாது, சம்மதமா என்று கேட்டாள். சம்மதம் என்றேன். என் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் கேட்டாள். அம்மா பெயரை நீக்குவதற்கு முன் எழுத்துக்கூட்டிச் சரிபார்த்தாள். சரியாக இருந்தது.

"இன்னொண்ணு மட்டும்ங்க. கட்டில் ரெண்டையும் சேர்த்துப் போடச் சொல்லி அம்மா குறிப்பு போடச் சொல்லியிருந்தாங்க. அதை..."

அவள் முடிக்கவில்லை. நான் அப்பாவைப் பார்த்தேன். ஃபோனில் பேசுவது அவருக்கும் கேட்டிருந்தது. டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, தம்ளரைக் கீழே வைத்தார்.

"பிரிச்சுப் போடச் சொல்லு" என்றார்.

"பிரிச்சுப் போட்டுடுங்க" என்றேன்.