முதல் வாய் கோல்ஸ்லா

அந்தக் கோஸில் ஓர் ஓட்டைகூட இல்லை. மதினி அதைப் பலகையில் வைத்து இரண்டாகப் பிளந்தபோது உள்ளே இலைகள் நெருக்கியடித்துக்கொண்டு வெள்ளை வெளேரென்று இருந்தன. பார்க்க அழகுதான். நான் சமையற்கட்டு வாசலில் நின்றுகொண்டு கால் மாற்றிக் கால் மாற்றி நெளிந்தேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஓரிடத்தில் நிற்க வராது, “குண்டியில முள்ளு இருக்கா உனக்கு?” என்று அம்மா கேட்காத நாளில்லை. ஆனால் அன்றைக்கு நெளிந்ததற்குக் காரணம் இருந்தது. அந்தக் கோஸ் எந்தக் காட்டில் விளைந்தது என்று எனக்குத் தெரியும். மதினிக்குத் தெரியாது.

மதினி என் அண்ணனின் மனைவி. எங்கள் ஊர் வட்டவடை. கேரட்டும் கோஸும் பூண்டும் விளைகிற மலை. மதினிக்குப் பாலக்காட்டின் கிழக்குக் கடைசியில், கோயமுத்தூரை ஒட்டிய ஊர். மூணாறில் ஒரு ரிசார்ட் சமையலறையில் சாலட் செய்யும் பிரிவில் வேலை பார்த்தவர். அண்ணன் அந்த ரிசார்ட்டுக்குக் காய்கறி ஏற்றிப்போன ஜீப் டிரைவர். கோஸ் இறக்கப் போனவன் பெண்ணோடு திரும்பிவிட்டான் என்று ஊரே கேலி பேசியது. எங்கள் அப்பா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டுச் சமாதானமாகிவிட்டார். போடியிலிருந்த பெரியப்பாதான் சமாதானமாகவில்லை. தன்னைக் கேட்காமல் நடந்த கல்யாணம் என்று அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவர் கை நனைக்கவே இல்லை. ஒருமுறை வாசல் வரை வந்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அதை மதினி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே வெயில் கொளுத்தும்போது போடி, தேனிப் பக்கத்து உறவெல்லாம் மலையேறி எங்கள் வீட்டுக்கு வருவது வழக்கம். அந்த வருஷம் பெரியப்பாவும் பெரியம்மாவும் வருவதாகத் தகவல் வந்தது. வந்தால் சாப்பிடுவாரா மாட்டாரா என்பதே வீட்டில் பேச்சு. அவர் சாப்பிட்டால் மதினி இந்தக் குடும்பத்துப் பெண். சாப்பிடாவிட்டால், அண்ணன் எங்கிருந்தோ கூட்டிக்கொண்டு வந்தவள். அவ்வளவுதான் கணக்கு. மதினி அதைப் புரிந்துகொண்டு, தனக்கு நன்றாக வருவதைச் செய்கிறேன் என்று, பச்சைக் கோஸில் செய்கிற கோல்ஸ்லா என்ற சாலட்டைக் கையிலெடுத்தார்.

விடியும்போதே எழுந்து தானே போய்க் கோஸ் அறுத்துக்கொண்டு வந்திருந்தார். அங்கேதான் தப்பு நடந்தது. எங்களுக்கு ரோட்டோரத்தில் பெரிய காடு இருந்தது, தட்டுத் தட்டாக. அங்கே விளைவது விற்பதற்கு. வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னப் பாத்தி, அது வீட்டுக்கு. ரோட்டோரக் காட்டில் அப்பா புழுவுக்கு மருந்தடிப்பார், அறுக்கிற வாரம்வரை அடிப்பார். பின்பாத்தியில் ஒரு சொட்டு விழவிடமாட்டார். வட்டவடையில் எங்கள் வீட்டில் மட்டுமல்ல, எல்லா வீட்டிலும் அப்படித்தான். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை; எந்தக் கோஸை அறுப்பது என்று கைக்கே தெரியும். மதினியின் கைக்குத் தெரியவில்லை. ரோட்டோரக் காட்டில் இரண்டு நாளைக்கு முன்தான் மருந்தடித்திருந்தது.

நான் உள்ளே போய் அம்மாவின் காதில் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. காலையிலேயே வந்து இறங்கியிருந்த பெரியம்மாவும் அங்கே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அம்மா என்னை வெளியே இழுத்துக்கொண்டு போய், “வாய மூடிக்கிட்டுக் கெட. இத்தன வருஷமா மூடை மூடையா அவுகளுக்குக் குடுத்துவிட்ட கோசு எந்தக் காட்டுக் கோசுன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்? ஒரு நேரம் தின்னா ஒண்ணும் ஆகாது. நம்ம ஆளுக தொடாம இருந்தாப் போதும்” என்றாள். அவ்வளவு நாளும் எனக்கு அது தோன்றியதே இல்லை. அண்ணன் கல்யாணத்துக்கு முன்னால் ஒவ்வொரு மே மாதமும் பெரியப்பா ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போன மூட்டை ரோட்டோரக் காட்டுடையதுதான். நல்லதாகக் கொடுக்கிறோம் என்றுதான் ஓட்டையில்லாமல் பொறுக்கிக் கட்டுவோம்.

மதினியோ எதுவும் தெரியாமல் வேலையில் இருந்தார். கோஸை நூல் போலச் சீவி, உப்புத் தூவிப் பிசறி வைத்தார். “தண்ணி உடட்டும் அம்மிணி, அவசரப்பட்டா கடைசீல கொளகொளன்னு போயிரும்” என்றார் என்னிடம். எனக்குப் பொறுக்கவில்லை. நாலு தடவை போய் மூடியைத் திறந்து பார்த்தேன். முட்டையின் மஞ்சள் கருவில் எண்ணெயை நூலாக ஊற்றி அவர் அடித்த அடியில் அது வெண்ணெய் போல மயோனைஸாகத் திரண்டது. பச்சை முட்டையைப் பார்த்து அம்மா முகத்தைச் சுளித்தாள். பிறகு கோஸை இரண்டு கையாலும் இறுகப் பிழிந்து, கேரட் துருவல், கொஞ்சம் சர்க்கரை, மிளகுத்தூள், வினிகர் எல்லாம் சேர்த்துக் கிளறி, பாத்திரத்தைக் குளிர்ந்த தொட்டித் தண்ணீரில் இறக்கி வைத்தார். அப்போது எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. வட்டவடைத் தண்ணீருக்கு ஃபிரிட்ஜ் தேவையும் இல்லை.

பந்தியில் பெரியப்பா உட்கார்ந்தார். அதுவே பாதி வெற்றி. மதினி பண்டத்தின் பேரைச் சொன்னதும், “கோசு தெரியுது, லா எங்கம்மா இருக்கு?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்பூனால் எடுத்து வாயில் போட்டவர், இரண்டாம் முறை தானே பாத்திரத்தை இழுத்தார். “ஸ்பூனுல தின்னா கை நனைச்ச கணக்குல வருமா?” என்று பெரியம்மா சீண்டினாள். “வரும் வரும், இன்னும் கொஞ்சம் வையி” என்றார் அவர். அவர்களோடு வந்த பிள்ளைகள் வழித்து வழித்துத் தின்றார்கள். அம்மா முன்பே காதில் போட்டுவைத்திருந்ததால் எங்கள் பக்கம் மட்டும் கோல்ஸ்லா அப்படியே இருந்தது. அப்பா தொடவில்லை. அம்மா தொடவில்லை. அண்ணன் ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தான். நான் இலையையே பார்க்கவில்லை. ஒவ்வொரு கவளத்துக்கும் பெரியப்பாவின் தொண்டை ஏறி இறங்குவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது.

மதினியும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பரிமாறியபடியே வந்தவர் அப்பாவின் முன்னால் நின்றுவிட்டார்.

“வந்தவீங்க எல்லாம் சாப்புடறாங்க, ஊட்டாளுங்க மட்டும் ஒருத்தரும் தொடலையே. ஏனுங்க மாமா, எங்கையால செஞ்சது ஆவாதுங்களா?”

குரல் உடைந்துபோயிருந்தது. அப்பா நிமிர்ந்தார். பொய் சொல்லத் தெரிந்தவர்தான். வியாபாரிகளிடம் வண்டி வண்டியாகச் சொல்வார். அன்றைக்கு ஏனோ அவருக்கு வரவில்லை.

“ஒன் கைக்கு இல்ல தாயி,” என்றார். “காய்க்கு. முந்தாநாத்துதான் மருந்தடிச்சேன்.”

பெரியம்மாவின் ஸ்பூன் வாய்க்குப் பாதி வழியில் நின்றது. “அடப்பாவி, நாலு வாட்டி வாங்கித் தின்னேனேடா!” என்றார் பெரியப்பா. மதினிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்தது. “பொறவால இருக்கற கோசு பூராவும் ஓட்டையாக் கெடந்துதுங்க. மாட்டுக்குன்னு நெனச்சுப்போட்டனுங்க” என்றார். பிறகு, அழுகையை விழுங்கிக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்: “அப்ப, ஊட்டுக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணுங்களா மாமா?”

அப்பா பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்தார். ஸ்பூனை எடுத்துக் கீழே வைத்தார். கையை உள்ளே விட்டு அள்ளி வாயில் போட்டு மென்றார். அம்மா, “என்னங்க” என்றாள். அவர் நிறுத்தவில்லை, மீதி இருந்ததைத் தின்று முடித்துவிட்டுத்தான் எழுந்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரியப்பா அன்றைக்கே கிளம்பினார். மூட்டையை ஜீப்பில் ஏற்றப்போன அண்ணனைத் தடுத்து, “மருமகளக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வா. கோசு வேணாம்” என்றார்.

அப்பா ஒன்றும் ஒரே நாளில் திருந்திவிடவில்லை. ஓட்டை விழுந்த கோஸைக் கையில் தொடாத வியாபாரிகளை வைத்துக்கொண்டு யாரால் முடியும்? மருந்தை அடியோடு விடவில்லை. அடித்தால் நாள் கடத்தித்தான் அறுப்பது என்று ஆக்கிக்கொண்டார். வியாபாரி முணுமுணுத்தான். பின்பாத்தியில் மதினி கோஸ் வைக்க விடவில்லை, மல்லியும் புதினாவும் போட்டார். வீட்டுக்கும் ரோட்டோரக் காட்டுக் கோஸ்தான் என்றாயிற்று. பிறகு அண்ணனும் மதினியும் வீட்டை ஒட்டி மூன்று அறை எடுத்துக் கட்டி ஹோம்ஸ்டே ஆரம்பித்தார்கள். கோடையில் கொச்சியிலிருந்தும் கோவையிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். மதினியின் கோல்ஸ்லாவுக்காகவே வருகிறவர்கள் உண்டு. அதில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. யாரும் வகுத்ததல்ல. கோல்ஸ்லா மேசைக்கு வந்ததும் மதினி முதல் கரண்டியை அப்பாவுக்கு வைப்பார். அவர் வாயில் போட்டு மென்று விழுங்கிய பிறகுதான் பாத்திரம் மற்றவர்களிடம் போகும். பெரியவருக்குச் செய்கிற மரியாதை என்று விருந்தாளிகள் நினைத்துக்கொண்டு, எவ்வளவு நல்ல மருமகள் என்று பாராட்டுவார்கள். மதினி சிரித்துக்கொள்வார்.

நான் கோவையில் வாழ்க்கைப்பட்டு இத்தனை வருஷமாகியும் கோஸ் வாங்குவது எனக்கு ஒரு பாடுதான். கடையில் ஒவ்வொன்றாகத் திருப்பி ஓட்டையைத் தேடுவேன். “எல்லாரும் ஓட்டை இல்லாததைப் பொறுக்குவாங்க, நீங்க என்னக்கா?” என்று கடைக்காரர் சிரிப்பார். வீட்டுக்குக் கொண்டுவந்து மஞ்சள் தண்ணீரில், உப்புத் தண்ணீரில் என்று கழுவிக் கழுவி, கடைசியில் பொரியல் செய்துவிடுவேன். பச்சையாக வைக்க மனம் வராது. மே மாதம் மலையேறிப் போய் அப்பா மெல்வதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கோல்ஸ்லா இறங்கும்.

இந்த மே மாதமும் போனேன். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, காட்டு வேலையை அண்ணன் ஏற்றுக்கொண்டு ஒரு வருஷமாகிறது. அப்பா கம்பை ஊன்றிக்கொண்டு வரப்புவரை நடந்துவிட்டு வருவதோடு சரி. அன்று காலையிலும் போய் வந்தார். கோஸ் இலையைத் தொட்ட விரலை வந்ததிலிருந்து மோந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மதியம் மேசையைச் சுற்றிக் கொச்சியிலிருந்து வந்த இரண்டு குடும்பங்கள். “மயோனைஸ் பச்சை முட்டையில் செய்ததா?” என்று ஓர் அம்மா விசாரித்தார். இப்போதெல்லாம் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். “இல்லீங்க, வேகவெச்ச கருவுங்க” என்றார் மதினி. அந்த அம்மாவுக்கு நிம்மதி. கோஸைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

மதினி முதல் கரண்டியை அப்பாவின் தட்டில் வைக்கப்போனார். அப்பா தட்டின் மேல் கையை வைத்து மூடினார்.

“எனக்கு வேணாம் தாயி.”

மதினி கரண்டியோடு அப்படியே நின்றார். அப்பா யாரையும் பார்க்கவில்லை. மதினி கரண்டியைப் பாத்திரத்தில் போட்டு, பாத்திரத்தை மேசையிலிருந்து தூக்கினார். தட்டை நீட்டிக்கொண்டிருந்த ஒரு குழந்தை, “ஆன்ட்டி, எனக்கு?” என்றது.

“இன்னைக்கு இல்லடா கண்ணு.”

சுற்றிக்கொண்டு மேசையின் மறுபக்கம் போய், அண்ணனின் முன்னால் பாத்திரத்தை வைத்தார்.

“நீங்க சாப்புடுங்க.”

அண்ணன் சோற்றிலிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.