சிபியு பெட்டிக்குள் அந்தோணியார்

நம் பங்கு மலரை வாசிக்கும் எல்லோருக்கும் வணக்கம். முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இதில் எழுதுகிறவர்கள் படித்தவர்கள், பல தியானங்களுக்குப் போய் வந்தவர்கள். நான் பத்தாவதோடு நின்றவள். தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் பைபிள் வாசகம் வாசிக்க என் முறை வந்தால், கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லிப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுவேன். கண்ணாடி பைக்குள்தான் இருக்கும். அப்படிப்பட்ட நான் எழுதத் துணிந்தது தப்பென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆண்டவர் எனக்குச் செய்ததை மூடிவைக்க மனம் ஒப்பவில்லை.

எங்கள் வீடு இண்டூருக்கு மேற்கே இருக்கிறது. மகனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை, மாதம் இரண்டு முறை வருவான். மருமகள் ஜெனிபாவும் அங்கேதான் வேலை பார்த்தாள். பிரசவத்துக்குப் பிறகு எங்களோடு இருக்கிறாள். பேத்திக்கு ஏழு மாதம். தாய்ப்பாலைத் தவிர எதையும் சாப்பிடாது. நான் கேழ்வரகுக் கூழ் காய்ச்சி ஊட்டினால் என் முகத்திலேயே துப்பும்.

ஓசூர் கம்பெனியில் ஜெனிபாவைத் திரும்ப வரச் சொல்லிவிட்டார்கள். குழந்தையை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று தினமும் அழுதாள். இரண்டு மாதமாக ஜெபித்தோம். அப்போதுதான் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் செய்கிற வேலை ஒன்று கிடைத்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சேர வேண்டும். அன்று வராவிட்டால் அடுத்த ஆளை எடுத்துக்கொள்வோம் என்று சொல்லியிருந்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை, எங்கள் கம்ப்யூட்டரின் மெமரியைக் கூட்ட வேண்டும்.

அது அந்தோணியார் திருநாள் முடிந்த வாரம். சனிக்கிழமை மதியம் ஜெனிபா தருமபுரி போய் மெமரி வாங்கி வந்தாள். சிபியு பெட்டியைத் தரையில் படுக்கவைத்து, மூடியைக் கழற்றி, போனில் வீடியோ பார்த்துக்கொண்டே தானே மாட்டினாள். குழந்தை அழுதது. உள்ளே ஓடினாள்.

அந்த நேரத்தில்தான் நான் அதைச் செய்தேன்.

நம் வீடுகளில் எது புதிதாக ஆரம்பித்தாலும் மந்திரித்த மெடல் வைப்போம் அல்லவா? வீட்டுக்குக் கடைக்கால் போட்டபோது வைத்தோம். தண்ணீருக்குப் போர் போட்டபோது குழிக்குள் போட்டோம். மகன் பைக் வாங்கியபோது சீட்டுக்கு அடியில் வைத்தோம். திருநாளில் ஃபாதர் மந்திரித்துக் கொடுத்த அந்தோணியார் மெடல் ஒன்று என்னிடம் இருந்தது. அலுமினியம், ரூபாய்க் காசு அளவு இருக்கும். முத்தமிட்டு, திறந்திருந்த பெட்டியின் ஒரு மூலையில் வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

ஜெனிபா வந்தாள், மூடியைப் போட்டாள், பெட்டியை நிமிர்த்தி வைத்தாள், சுவிட்சைத் தட்டினாள். உள்ளே மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. திரையில் ஒன்றும் வரவில்லை. திரும்பத் தட்டினாள். அதேதான்.

புது மெமரியைக் கழற்றி, அதன் பித்தளைப் பல்லை ரப்பரால் துடைத்து மாட்டினாள். பழையதையே திரும்ப மாட்டிப் பார்த்தாள். ஒயர்களையெல்லாம் பிடுங்கிச் சொருகினாள். கடைக்காரருக்குப் போன் செய்தாள். “போர்டு போயிருக்கும்மா, திங்கக்கெழம மத்தியானம் கொண்டாங்க, பாக்கலாம்” என்றார். போனை வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள்.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “மாடு படுத்துக்கிட்டா வாலை முறுக்கி எழுப்பலாம் கண்ணு. இதுக்கு வால் எங்க இருக்குது?”

“சும்மா இருங்க மாமா” என்றாள். அவள் சிரிக்கவில்லை.

மூடி திறந்திருந்தபோது நானும் எட்டிப் பார்த்தேன். மெடலைக் காணவில்லை. எங்கேயோ உள்ளே இருந்து காக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலைப் பூசையில் என்னால் பாட முடியவில்லை. மடியில் குழந்தை. இந்தக் குழந்தை இனி வாரம் முழுதும் தாயைத் தேடி அழுமே என்று மனம் அடித்துக்கொண்டது. மன்றாட்டு நேரத்தில் அந்தோணியாரிடம் சண்டையே போட்டேன். “உம்மை அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேனே, பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறீரே” என்றேன்.

அப்படிச் சொன்ன அந்த நொடியே எங்கள் தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டர் கண்முன் வந்தது. போன வருடம் அதற்குள் ஒரு பல்லி போய் ஒட்டிக்கொண்டு, ஸ்டார்ட்டர் நின்று, இரண்டு நாள் தண்ணீர் பாய்ச்ச முடியவில்லை. பல்லிக்கே அப்படியென்றால் அலுமினியத்துக்கு?

பதில் வந்துவிட்டது என்று தெரிந்தது. ஆனால் அதை வாய் திறந்து சொல்ல வேண்டுமே. மருமகள் பட்டம் படித்தவள். என்னால்தான் எல்லாம் போனது என்றால் என்னை எப்படிப் பார்ப்பாள்? பூசை முடிந்து வழியெல்லாம் அவள் பின்னாலேயே நடந்தேன். வாசலில் அவள் செருப்பைக் கழற்றும்போது, “ஆண்டவரே, கம்ப்யூட்டர் கூட அப்புறம். முதலில் எனக்கு வாய் கொடும்” என்று கேட்டேன்.

“ஜெனிபா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. அந்தப் பொட்டிக்குள்ள நான் மெடல் போட்டுட்டேன்.”

“எந்தப் பொட்டிக்குள்ளீங்க அத்தை?”

“கம்ப்யூட்டர் பொட்டிக்குள்ள.”

அவள் என்னையே பார்த்தாள். பிறகு குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு ஸ்குரூ டிரைவரை எடுத்தாள். டார்ச் அடித்துப் பார்த்தாள், தெரியவில்லை. ஒன்பது திருகாணிகளைக் கழற்றி, உள்ளே இருந்த பெரிய பச்சைப் பலகையையே தூக்கினாள். பலகைக்கும் தகரத்துக்கும் நடுவில் மெடல் சிக்கிக் கிடந்தது. பெட்டியை நிமிர்த்தியபோது சரிந்து போய் அங்கே மாட்டியிருக்கிறது.

அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவள் குலுங்க ஆரம்பித்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கிறாள்.

“அத்தை, காணாமப் போனதயெல்லாம் கண்டுபுடிச்சுக் குடுப்பாருன்னு சொல்வீங்க. இங்க அவரே காணாமப் போயிட்டாருங்க.”

என் வீட்டுக்காரர் வெளியிலிருந்தே கேட்டார். “ஏம் புள்ள, போர் குழிக்குள்ள போட்டியே, அதையும் எடுத்தரலாமா? தண்ணி நல்லா வருமோ என்னமோ.”

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஜெனிபா எல்லாவற்றையும் திரும்ப மாட்டினாள். புது மெமரியையும் போட்டாள். சுவிட்சைத் தட்டுவதற்கு முன், “நீங்களே தட்டுங்கத்தை” என்றாள். குழந்தையின் விரலைப் பிடித்துத் தட்டினேன். பீப் என்று ஒரு சத்தம். திரையில் வெளிச்சம் வந்தது. மூன்று பேரும் அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். குழந்தை கை தட்டியது.

கரண்ட் தானாகவே நின்றுகொண்டதால் எதுவும் கருகவில்லை என்று ஜெனிபா சொன்னாள். கருகாமல் காத்தவர் ஆண்டவர் என்று நான் சொன்னேன். “ரெண்டுந்தாங்க அத்தை” என்றாள்.

இப்போது அந்த மெடல் மேசைக்கு மேலே ஆணியில், நூலில் தொங்குகிறது. பெட்டியிலிருந்து ஒரு முழம் தள்ளி. நான் கேட்டது கம்ப்யூட்டர் ஓட வேண்டும் என்று. அவர் முதலில் திறந்தது என் வாயை. அடுத்த அன்பியக் கூட்டத்தில் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு நானே வாசகம் வாசித்தேன். இரண்டு இடத்தில் தடுமாறினேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நன்றி ஆண்டவரே, அந்தோணியாரே நன்றி.

என்னைப் போலக் கூச்சத்தில் எதையாவது உள்ளே போட்டு மூடிவைத்திருக்கிறவர்கள் இருந்தால், தைரியமாக அவரிடம் கேளுங்கள். பதில் வரும். வந்தபின் அதை வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

மெடல் கிடைத்த மறுநாள் திங்கட்கிழமை. ஒன்பது மணிக்கு ஜெனிபா வேலையில் உட்கார்ந்தாள். பதினொரு மணிக்கு எழுந்து வந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள். நான் கேழ்வரகு அரைக்க மில்லுக்குப் போனேன்.